முதல் நான்கு விநாடி

சட்டம் நடைமுறைக்கு வந்த புதன்கிழமை காலை எட்டு மணிக்கு கேட் அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. அவருடைய மகளுக்குப் பதினைந்து வருடம் ஏழு மாதம். பதினாறு நிறையாத யாருக்கும் சமூக வலைத்தளங்களில் கணக்கு இருக்கக் கூடாது என்பதுதான் சட்டம். ஐந்து மாதம் குறைந்த குற்றத்துக்காக மகளின் கணக்கு எட்டு மணி ஐந்தாவது நிமிடத்தில் அணைந்தது. அதே நேரத்தில் ஊரின் மறுகோடியில், ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில், அம்மா புது வேலையில் சேர்ந்துகொண்டிருந்தார். அணைந்த கணக்குகளில் எதைத் திரும்பத் திறக்கலாம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிற வேலை.

"நல்லா இருக்கும்மா நியாயம்" என்றாள் மகள் அன்று மாலை. "என் வாயில இருக்கறதைப் பிடுங்கி உன் கையில சம்பளமா கொடுக்கறாங்க."

"வாயில என்னடி இருந்துச்சு? கையிலதானே வெச்சிருந்தே, ராத்திரி பகலா."

அன்று பகல் முழுக்க மகளின் பள்ளியில் பாடமே நடக்கவில்லையாம். பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து ஒருவர் நம்பரை ஒருவர் எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ரயில் நிலையத்தில் வழியனுப்புகிற மாதிரி இருந்தது என்றாள். அடுத்த பெஞ்சில் உட்காரப் போகிறவர்களுக்கு எதற்கு வழியனுப்பு என்று அம்மா கேட்கவில்லை. லட்சக்கணக்கான பிள்ளைகளின் சத்தம் ஒரே காலையில் நின்றுபோனது சின்ன விஷயமில்லை என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது.

கேட் அக்கா என்ற பெயர் சினிமா தியேட்டர் கொடுத்தது. பத்தொன்பது வருடம் ஒரு தியேட்டரின் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தார். பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்று பெற்ற படம் ஓடுகிற வாரங்களில் அவரைத்தான் வாசலில் போடுவார்கள். அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, குரலைக் கட்டையாக்கிக்கொண்டு வருகிற பையன்களை வரிசையிலிருந்தே பொறுக்கி எடுத்துவிடுவார். "தம்பி, நீ அடுத்த படத்துக்கு வா. அதுக்குள்ள மீசை வந்துடும்" என்று அவர் சொன்னால் மொத்த வரிசையும் சிரிக்கும். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் பத்தொன்பது வருடத்தில் ஒரு பையனைக்கூட உள்ளே கண்டுபிடித்ததில்லை. பிறகு தியேட்டர்காரர்கள் வாசலில் டிக்கெட்டைத் தானாகப் படித்துக்கொள்கிற இயந்திரத்தை வைத்தார்கள். அக்காவுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து வந்த விளம்பரத்தை முதலில் பார்த்ததே மகள்தான். "வயது சொல்லத் தெரிந்தவர்கள் தேவை" என்று இருந்தது. ஜோசியக்காரர்களைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இருவரும் சிரித்தார்கள்.

நேர்முகத் தேர்வில் நூறு முகங்களைத் திரையில் காட்டினார்கள். பதினாறு ஆகிவிட்டதா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. அக்காவுக்குப் பக்கத்தில் செருப்புக் கடையில் இருபது வருடம் இருந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். முப்பது முகம் பார்த்ததும் எழுந்துவிட்டார். "சார், காலைக் காட்டச் சொல்லுங்க, மாசத்தோட சொல்றேன். மூஞ்சியை வெச்சு எனக்கு ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார். அழகு நிலையம் நடத்திக்கொண்டிருந்த ஒரு பெண்மணி தொண்ணூறு முகங்களைச் சரியாகச் சொன்னார். கேட் அக்கா தொண்ணூற்று நான்கு. கம்பெனி கோடிகளைக் கொட்டி வாங்கியிருந்த இயந்திரம் எண்பத்தொன்று.

நான்காவது மாடியில் நாற்பது மேஜைகள். ஜன்னல்களுக்கு நீலத் திரை. உள்ளே போகும்போது கைபேசியைப் பூட்டுப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். திரையின் நடுவில் ஒரு முகம், கீழே இரண்டு பொத்தான்கள்: ஆகிவிட்டது, ஆகவில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாதவர்களை இயந்திரமே தள்ளிவிடும், அல்லது விட்டுவிடும். நடுவில் மாட்டிக்கொண்டவர்களும், இயந்திரத்தின் முடிவை ஏற்காமல் மேல்முறையீடு செய்கிறவர்களும் மட்டும் மனிதர்களிடம் வருவார்கள். அடையாள ஆவணம் எதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதே சட்டம் சொல்வதால், ஒவ்வொருவரும் பதினோரு விநாடி வீடியோ எடுத்து அனுப்புவார்கள். நேராகப் பார், இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, மூன்று எண்களைப் படி. ஒரு நாளைக்கு நானூறு முகம் பார்த்தாக வேண்டும்.

என்னென்னவோ வந்தன. புருவப் பென்சிலால் வரைந்த மீசைகள் வந்தன. தூங்குகிற மாமாவின் கன்னத்தைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிக் காட்டினான் ஒருவன். எண்களைப் படிக்கும் நேரத்தில் மாமா விழித்துக்கொண்டார். அவர் சொன்ன மூன்று வார்த்தைகளும் எண்கள் அல்ல. பக்கத்து மேஜைக்கு வந்திருந்த அழகு நிலையத்துக்காரிக்கு (அவரைப் பார்லர் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள்) இதெல்லாம் தின்னக் கிடைத்த மிட்டாய் மாதிரி.

"இங்க பாருங்க கேட், இவ அவங்க அம்மாவோட லிப்ஸ்டிக் போட்டிருக்கா. அதுவும் காலாவதி ஆனது."

"அது எப்படித் தெரியும்?"

"ஓரத்துல திரிஞ்சிருக்கு பாருங்க. பாவம், உதடு அரிக்கும். ஆகவில்லை."

சிரிப்பெல்லாம் முதல் வாரத்தோடு பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. தியேட்டர் வாசலில் முகங்கள் நடந்து போய்க்கொண்டே இருக்கும், எல்லாமே திரையைப் பார்க்கப் போகிற முகங்கள். இங்கே திரையே முகமாக இருந்தது, ஒவ்வொன்றும் அவர் ஒருவரை மட்டும் பார்த்தது. ஒரு நாளைக்கு நானூறு. இரண்டு மாதத்தில் ஒரு சிற்றூரையே உட்கார்ந்த இடத்தில் பார்த்து முடித்திருந்தார். பதினாறு என்பது ஒரு கோடு அல்ல என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டார். பதினைந்தரைக்கும் பதினாறரைக்கும் நடுவில் முகம் வீடு மாறுகிறது. பாதிச் சாமான் பழைய வீட்டில், பாதிச் சாமான் வண்டியில். மூக்கு வந்து சேர்ந்துவிட்டது, கன்னம் இன்னும் வரவில்லை. ஒருத்திக்குக் கண் பெரியவளுடையது, நெற்றி குழந்தையுடையது. மாலையில் பஸ்ஸில் திரும்பும்போது எதிர் இருக்கையில் இருப்பவர்களை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே வருவார். இத்தனை நாளாக இதையெல்லாம் பார்க்காமல் எங்கே இருந்தோம் என்று இருக்கும். ஒரு பெரியவர், "ஏம்மா, என்னைத் தெரியுமா?" என்றே கேட்டுவிட்டார்.

நான்காவது மாதம், எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அவருக்கு ஒரு கடைசி முறையீடு வந்தது.

மூன்று தடவைதான் முறையிடலாம். மூன்றாவதும் மறுக்கப்பட்டால் கணக்கும் அதிலிருக்கும் எல்லாமும் அழிக்கப்படும், பிறகு யாராலும் மீட்க முடியாது. அதனால் கடைசி முறையீடுகள் தேர்வில் அதிகம் சரியாகச் சொன்ன இரண்டு மூத்தவர்களுக்கு மட்டும் போகும், கேட் அக்கா அவர்களில் ஒருவர், மறுநாள் பணி முடியும்வரை அவகாசம் உண்டு. அவற்றில் மட்டும் மனுதாரர் எழுதிய சில வரிகளும் கூடவே வரும். அந்த வரிகளை யாரும் மதிப்பதில்லை. போன வாரம் ஒரு பதின்மூன்று வயது முகம், தான் ஓய்வுபெற்ற நீதிபதி என்று எழுதியிருந்தது.

இதில் இப்படி இருந்தது: "எனக்கு வயது இருபத்தொன்பது. எனக்கு இருக்கும் உடல்நிலையில் வளர்ச்சி பன்னிரண்டில் நின்றுவிட்டது. பள்ளிப் படிப்பை விட்டுவிட்ட இருநூற்று முப்பது பெண்களுக்குக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். அவர்களில் இளையவருக்கு முப்பத்தொன்று. பதினேழாம் தேதி அவர்களுக்குப் பள்ளியிறுதித் தேர்வு. பாடம் முழுவதும் மூடப்பட்ட அந்த வலைத்தளக் கணக்கில் இருக்கிறது."

பார்லர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "ஐயோ, இதுக்கு இன்னும் பல் விழுந்து முளைச்சே முடியல போல. கதை மட்டும் நல்லா விடுது. இருநூத்து முப்பதாம்!"

கேட் அக்காவும் சிரித்தார். வட்டக் கன்னம், சின்ன தாடை, ஒரு கோடுகூட விழாத கழுத்து. இயந்திரம் பன்னிரண்டு வயது நான்கு மாதம் என்று போட்டிருந்தது. சிரித்துக்கொண்டே பழைய மறுப்புகளைப் பார்த்தார். முதல் மறுப்பு, மேஜை ஒன்பது. இரண்டாவது மறுப்பு, மேஜை பதினேழு.

பதினேழு அவருடைய மேஜை.

ஒருவர் பார்த்ததை அவரிடமே திரும்ப அனுப்பக் கூடாது என்பது விதி. மற்றொரு மூத்தவர் விடுப்பில் இருந்ததால் வந்திருக்கிறது. எப்போது மறுத்தோம் என்றுகூட அவருக்கு நினைவில்லை. பதிவில் நேரம் இருந்தது: ஏழு விநாடி பார்த்து, எட்டாவது விநாடியில் ஆகவில்லை.

மறுபடி ஓட்டிப் பார்த்தார். பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தார். பன்னிரண்டுதான். ஆனாலும் விரல் பொத்தானுக்குப் போகவில்லை. பொய் சொல்கிற பிள்ளைகள் கெஞ்சுவார்கள், தயவுசெய்து என்று நான்கு முறை எழுதுவார்கள். இந்த வரிகளில் ஒரு கெஞ்சல்கூட இல்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த முறையீட்டுக் கோப்பை நாளைக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டில் மகள் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள்.

"இறங்கு. அது உட்கார்ற இடமா?"

"இன்னும் முப்பது நாள்மா. அப்புறம் நான் மேஜர். எங்க வேணா உட்காருவேன்."

"மேஜர் பதினெட்டுலடி."

"உங்க ஆபீஸ் கணக்குல பதினாறு." மகள் இறங்கினாள். "என்ன, இன்னிக்கு மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? யாராவது தாத்தாவை உள்ள விடாம திருப்பி அனுப்பிட்டியா?"

வேலையில் பார்ப்பதை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தார். தட்டைக் கழுவிக்கொண்டே வேறு பக்கமாகக் கேட்டார். "நீ வீடியோ எடுக்கறப்போ, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவே?"

"ஏன், என்னையும் செக் பண்றியா?"

"சும்மா சொல்லேன்."

"முடியைப் பார்ப்பேன். பல்லுல ஏதாவது ஒட்டியிருக்கான்னு பார்ப்பேன். அப்புறம் திரும்ப முடி."

"யாரைப் பார்த்துட்டு இருப்பே?"

"என்னைத்தான். அதுக்குள்ள வேற யாரு இருக்கா?"

கேட் அக்கா ஈரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

தியேட்டரில் அவர் ஒருநாளும் வாசலில் வைத்து வயதைப் பார்த்ததில்லை. வாசலுக்கு வந்து சேரும்போது எல்லாருக்குமே பதினெட்டு ஆகியிருக்கும். நெஞ்சு நிமிர்ந்திருக்கும், குரல் இறங்கியிருக்கும். அவர் பார்த்தது வரிசையில் பத்து ஆள் பின்னால். யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில்தான் வயது வெளியே தெரியும். அந்த இடத்தை இந்த நான்கு மாதமாக அவர் பார்க்கவே இல்லை. வீடியோ பதினோரு விநாடி. அதில் முதல் நான்கு விநாடி மனுதாரர் தயாராவதற்கு. எண்கள் திரையில் வந்த பிறகுதான் சோதனையே ஆரம்பம் என்பதால், நேராக ஐந்தாவது விநாடியிலிருந்து ஓட்டச் சொல்லி முதல் நாளே டீம் லீடர் கற்றுக்கொடுத்திருந்தார். நானூறு முகத்துக்கு நான்கு விநாடி வீதம் மிச்சப்படுத்தினால் கிட்டத்தட்ட அரை மணி நேரம். நாற்பது மேஜைகளும் அப்படித்தான் ஓடின.

மறுநாள் காலை கைபேசியைப் பூட்டுப்பெட்டியில் போட்ட வேகத்தில் போய் உட்கார்ந்தார். அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. முதலில் அன்றைய வரிசையிலிருந்து இருபது முகங்களை எடுத்து, வீடியோவின் அடியில் ஓடும் கோட்டைப் பின்னுக்கு இழுத்து, தொடக்கத்திலிருந்து பார்த்தார். மகள் சொன்னது அப்படியே இருந்தது. முடி, பல், முடி. ஒருவன் நாக்கை நீட்டிப் பார்த்தான். ஒருத்தி தன் மூக்கைத் தானே முறைத்தாள். இருபது பேரில் பதினாறு ஆகாத பதினான்கு பேரும் திரையில் தெரிந்த தங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களில் சிலரும் பார்த்தார்கள். மற்றவர்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்கள், "இதை எங்கங்க அமுக்கணும்?" என்று உள்ளே யாரையோ கேட்டார்கள்.

பிறகு அந்தக் கோப்பு. முதல் முறையீடு, தொடக்கத்திலிருந்து.

அந்தச் சிறுமி உட்கார்ந்திருந்தாள். தன்னைப் பார்க்கவில்லை. திரையின் மேல் விளிம்பில் கேமரா இருக்கும் இடத்தைப் பார்த்தாள். பின்னால் எங்கோ ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம், இரண்டு பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம். அவள் திரும்பவில்லை, அதட்டவில்லை. மேஜை மேலிருந்த வலக்கையை ஒரு சாண் உயர்த்தி அப்படியே வைத்திருந்தாள். பேச்சு தணிந்தது. நாற்காலி நின்றது. இன்னும் அரை விநாடி காத்திருந்தாள், யாராவது மிச்சம் வைத்திருந்தால் அதையும் முடித்துக்கொள்ளட்டும் என்பது போல. கையை இறக்கினாள். லேசாகத் தலையசைத்தாள். எண்கள் வந்தன.

இரண்டாவது முறையீடு. வேறு உடை, வேறு அறை. அங்கே சத்தம் இல்லை. ஆனால் அதே பார்வை, அதே அரை விநாடி, அதே தலையசைப்பு.

மூன்றாவது, இரண்டு தடவை இல்லை என்று சொல்லப்பட்ட பிறகு எடுத்தது. மறுக்கப்பட்ட பிள்ளைகள் எப்படி வருவார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கண் சிவந்திருக்கும், உதடு பிதுங்கியிருக்கும், இல்லாவிட்டால் ஒரு கேலிச் சிரிப்பு இருக்கும். இங்கே எதுவும் இல்லை. கோபத்தை அடக்கிக்கொண்ட முகமும் இல்லை அது. புரியாத ஒருவருக்குப் புரியும்வரை மூன்றாம் தடவையும் முதல் தடவை போலவே சொல்லித்தருகிற முகம். கடைக்குப் போனால் "அம்மா எங்கேம்மா?" என்றும், பஸ் ஏறினால் "யார்கூட வந்தே?" என்றும் குனிந்து கேட்கிற உலகத்தில் பதினேழு வருடமாக இருந்து பழகிய பொறுமை. அது எந்தச் சருமத்திலும் கோடாக விழாது. எந்த இயந்திரமும் அதை அளக்க முடியாது.

ஒரு குழந்தையின் முகத்துக்குள்ளிருந்து ஒரு முழு மனுஷி கேட் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு அடங்கட்டும் என்று அந்த மனுஷி காத்திருந்த வகுப்பில் தானும் ஒருத்தி என்று அக்காவுக்குத் தோன்றியது. சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முன்பு மறுத்ததை மாற்ற வேண்டுமானால் காரணம் காட்ட வேண்டும். பட்டியலில் ஐந்து காரணங்கள் இருந்தன: சுருக்கம், மீசை தாடி, கழுத்து, பல், குரல். ஐந்தும் இந்த முகத்துக்குப் பொருந்தாது. ஆறாவதாக 'வேறு' என்று ஒரு கட்டம். அதைத் திறக்க டீம் லீடரின் கடவுச்சொல் வேண்டும். டீம் லீடருக்கு இருபத்தேழு வயது, எல்லாரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, மெஷின் பன்னெண்டுங்குது. ரெண்டு பேர் பார்த்து இல்லைன்னு போட்டிருக்காங்க. அதுல ஒருத்தர் நீங்களே."

"அதனாலதான் சொல்றேன். தப்பு பண்ணினது நான்."

"நம்ம முடிவைச் சரிபார்க்கற தணிக்கையில இது தப்புன்னு வந்தா கம்பெனிக்கு அபராதம். உங்களுக்கு அந்த மேஜை இருக்காது. தெரியுமில்ல?"

"தெரியும். முதல் நாலு விநாடி பாருங்க தம்பி."

"அது சோதனைலயே சேராதே அக்கா."

"சேராததாலதான் அங்க யாரும் நடிக்கல. பாருங்க."

டீம் லீடர் மேஜையில் ஒரு முழங்கையை ஊன்றிக் குனிந்து பார்த்தார். முதல் வீடியோ முடிந்தது. இரண்டாவதை அவரே ஓட்டினார். மூன்றாவது ஓடும்போது, அந்தக் கண்கள் கேமராவை நோக்கி நிமிர்ந்த இடத்தில், முழங்கையை எடுத்துவிட்டு நேராக நின்றார். தான் அப்படிச் செய்தது அவருக்கே தெரிந்திருக்காது. பக்கத்து மேஜையில் பார்லரும் கையிலிருந்த வேலையை நிறுத்தியிருந்தார்.

"எனக்கு ஏழாவதுல ஒரு டீச்சர் இருந்தாங்க" என்றார் டீம் லீடர். குனிந்து கடவுச்சொல்லை அடித்தார். "எழுதுங்க. ஆனா உங்க பேர்லதான் போகும்."

"என் பேர்லயே போகட்டும்."

நூற்றிருபது எழுத்துக்குள் எழுத வேண்டும். டிக்கெட் கிழித்த கைக்கு எழுத்து அவ்வளவு பழக்கமில்லை. இரண்டு தடவை அழித்துவிட்டு எழுதினார்: "மூன்று முறையும் தன்னைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் அமைதியாகும்வரை காத்திருக்கிறார். பெரியவர்."

பொத்தானை அழுத்தினார். மணி பதினொன்று நாற்பது.

"கேட்" என்றார் பார்லர் மெதுவாக. "இந்த நாலு மாசத்துல நாம அஞ்சாவது விநாடியிலேர்ந்து பார்த்து எத்தனை பேரை இல்லைன்னு சொல்லியிருப்போம்?"

கேட் அக்கா அதை ஏற்கெனவே மனதில் பெருக்கிப் பார்த்திருந்தார். அடுத்த முகத்தைத் திறந்து, கோட்டைத் தொடக்கத்துக்கு இழுத்தார். பார்லரும் தன் திரையில் இழுத்தார். மதியத்துக்குள் அந்த வரிசையின் ஆறு மேஜைகளும் இழுத்தன. அன்று பதினேழாம் மேஜை பார்த்து முடித்தது முந்நூற்றுப் பதினாறு முகம். டீம் லீடர் அந்த எண்ணைப் பார்த்தார், குறித்துக்கொண்டார், கேட்கவில்லை.

திறந்த கணக்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நான்காவது மாடியில் யாருக்கும் அனுமதி இல்லை. மறுப்பை மாற்றிய ஒவ்வொரு கோப்பும் தணிக்கைக் குழுவுக்குப் போகும். அவர்கள் முடிவு சொல்லும்வரை கணக்கு திறந்தே இருக்கும். தேர்வு பதினேழாம் தேதி. தணிக்கைக் குழு இந்தக் கோப்பை எடுப்பது பத்தொன்பதாம் தேதி.